லில்லியை யாரும் கேட்கவில்லை

ஹாலந்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் காலைக் காப்பிக்கு முன்னால் மரைக்கே கையில் ஊசியும் குழாயுமாக மேசை மேசையாக வருவாள். நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்கு வெளியே யாரைத் தேடிப் போவது? அங்கே வேலை செய்கிறவர்களிடம்தான் எடுப்பார்கள். முதல் தடவை அவள் என் எதிரில் வந்து நின்றபோது நான் பேசாமல் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினேன். அவள் ஊசியைத் திறக்கவில்லை. "மாஹ் ஹெட்?" என்றாள். எடுத்துக்கொள்ளலாமா என்று அர்த்தம். கையே நீட்டியாயிற்று, இதற்கு மேல் என்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டல், பக்கவாட்டில். அவள் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். "ஹூஃப்ட் நீட்" என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

அகராதியைப் புரட்டினேன். தேவையில்லை என்று போட்டிருந்தது. மதியம் வரை எனக்கு வேலையே ஓடவில்லை. எல்லோருடைய ரத்தமும் வேண்டும், கறுத்தவள் ரத்தம் மட்டும் தேவையில்லையா? சாப்பாட்டு வேளையில் அவளிடமே போய்க் கேட்டுவிட்டேன். அவள் முகம் சிவந்துபோயிற்று. "ஐயோ, எஸ்தர், அப்படி இல்லை. உனக்கு இஷ்டமில்லை என்றால் நீ கொடுக்கத் தேவையில்லை. அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். அடுத்த முறை அவள் வந்தபோது வேண்டுமென்றே "நே" என்றேன். இல்லை என்பதற்கு டச்சில் அதுதான் சொல். என்ன ஆகிறது பார்க்கலாம் என்றுதான். ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. முகம் கோணவில்லை. பக்கத்து மேசைக்காரன் கையை நீட்டினான். அன்று சாயங்காலம் சைக்கிளில் வீடு திரும்பும்போது கால்வாய் ஓரத்தில் இறங்கி நின்றுவிட்டேன். எனக்குக் கோபம். அந்த ஊர்க்காரர்கள் மேல் இல்லை. இந்த ஒரு சொல் எவ்வளவு மலிவாகக் கிடைக்கிற பொருள் என்று தெரிந்துகொள்ள நான் இத்தனை தூரம் வரவேண்டியிருந்ததே என்று. என் தங்கை லில்லியின் இடுப்பில் இருக்கும் தழும்பு அப்போது என் கண் முன்னால் இருந்தது.

எங்கள் வீடு ஆம்பூரில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தோல் பதனிடும் டேனரிகள் இருக்கும் பக்கம். அப்பா ஒரு டேனரியில் கணக்கு எழுதினார். அவர் நெஞ்சு வலியில் போனபின் அதே டேனரியில் அண்ணனுக்கு வேலை கொடுத்தார்கள். அண்ணன் ஜெயக்குமார், அடுத்து நான், அடுத்து தம்பி எட்வின், கடைசியாக லில்லி. அண்ணன் சுண்ணாம்புக் குழிகளின் மேற்பார்வையாளர். வீட்டுக்கு வரும்போது அவர் உடம்பிலிருந்து வரும் நெடியை வைத்தே அன்று என்ன வேலை நடந்தது என்று சொல்லிவிடலாம். அவர் சம்பாத்தியத்தில்தான் நான் விலங்கியல் படித்தேன். இதை மறைக்க நான் விரும்பவில்லை. அவர் நல்லவர். இந்தக் கட்டுரையில் யாருமே கெட்டவர் இல்லை. என் ஆத்திரத்தை இத்தனை வருஷமாக இறக்கி வைக்க இடம் கிடைக்காததற்கு அதுவே காரணம்.

படிப்பு முடிந்து எழுபதுகளின் தொடக்கத்தில் வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். தினமும் பள்ளிகொண்டா வழியாகப் பஸ். சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கு இன்னொருவர் சிறுநீரகத்தை வைக்க வேண்டுமானால் இருவர் உடம்பும் எவ்வளவு ஒத்துப்போகும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். உயிரணுவின் மேல் ஒவ்வொருவருக்கும் சில அடையாளங்கள் உண்டு. அவை வேறாக இருந்தால், வைத்த உறுப்பை உடம்பு அன்னியன் என்று எதிர்த்து அழிக்கப் பார்க்கும். அந்த அடையாளங்களைப் படிக்கத் தேவையான சீரம், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர், எங்கிருந்து வந்தது தெரியுமா? பிள்ளை பெற்ற பெண்களிடமிருந்து. வயிற்றில் வளரும் குழந்தையின் உடம்பில் தகப்பன் வழி வந்த அடையாளங்கள் இருக்கும். தாயின் ரத்தம் சில சமயம் அவற்றை அன்னியமென்று கண்டு, எதிர்க்கும் பொருளை உண்டாக்கி வைத்திருக்கும். நான் பிரசவ வார்டுக்குப் போய் நாலு பெற்றவள், ஐந்து பெற்றவள் என்று தேடி ரத்தம் எடுத்து வருவேன். பேரணாம்பட்டிலிருந்து வந்த பீடி சுற்றும் பெண்கள், குடியாத்தத்து நெசவுக்காரப் பெண்கள். "கொஞ்சம் ரத்தம் எடுக்கணும்மா" என்றால் கையை நீட்டுவார்கள். எதற்கு என்று ஒருத்தி கேட்டதில்லை. உலகத்தில் இந்த விஞ்ஞானம் எழுந்து நின்றதே அப்படிப்பட்ட பெண்களின் ரத்தத்தின் மேல்தான். கட்டுரைகளில் அவர்களுக்குப் பெயர் இல்லை.

அண்ணனுக்கு முதலில் காலையில் முகம் வீங்கியது. தூக்கமில்லாமல் வேலை செய்கிறார் என்று நினைத்தோம். பிறகு கால் வீங்கியது, சோற்றைக் கண்டால் குமட்டியது. வேலூருக்குக் கூட்டிப் போனபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருப்பதாகச் சொன்னார்கள். எந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். அது நிரந்தரமில்லை, கூடப் பிறந்தவர்கள் யாராவது கொடுத்தால் பிழைக்க வழியுண்டு என்று அம்மாவிடம் டாக்டர் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் ரத்தம் கொடுத்தோம்.

சொந்தக்காரர் ரத்தத்தைச் சொந்தக்காரர் சோதிக்கக் கூடாது என்பது முறை. ஆனால் அந்த வேலை தெரிந்த இன்னொருவர் டைபாய்டில் படுத்திருந்தார், அண்ணனுக்கு அவகாசமில்லை. டாக்டர் என்னைச் செய்யச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு முடிவையும் தானே மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தார். எனக்கும் அண்ணனுக்கும் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தாலும் அப்படி ஆவதுண்டு. நான் ஒத்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம், அதனால் எழுதப்போவதில்லை. லில்லிக்குப் பாதி ஒத்தது. எட்வினுக்கு எல்லாமே ஒத்தது. ஒன்று விடாமல். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த மருந்துகளை வைத்துக்கொண்டு முழுப்பொருத்தம் என்பது லேசில் கிடைக்காத அதிர்ஷ்டம்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் வீட்டாரை அழைத்து, "எட்வின் சரிப்பட மாட்டார். லில்லியைப் பார்க்கலாம்" என்றார். நான் அதிர்ந்துபோனேன். அவர்கள் போனபின் அவர் அறைக்குப் போய், "சார், எட்வினுக்கு முழுப் பொருத்தம். நீங்களும் பார்த்தீங்களே" என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். "எஸ்தர், கொடுக்கிறவங்க ஒவ்வொருத்தரையும் நான் தனியா உட்கார வச்சுப் பேசுவேன். இஷ்டமில்லன்னு ஒருத்தர் சொன்னா, அவர் சரிப்படலன்னு மட்டும்தான் வெளியில சொல்லுவேன். இல்லன்னா அந்த ஆள் அந்த வீட்ல குடியிருக்க முடியாது. நீயும் இதை வெளியில சொல்லக் கூடாது."

அவர் செய்தது சரி. இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்தபின்பும் அது சரி என்றுதான் சொல்வேன். லில்லியையும் அவர் தனியாகக் கேட்டிருக்கிறார். அவள் "சரி சார்" என்றிருக்கிறாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆசிரியர் பயிற்சியில் முதல் வருஷம்.

எட்வினைத் தேடிப் போனேன். பாலாற்று மணலில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஆற்றில் தண்ணீர் இல்லை. டேனரியிலிருந்து வரும் கழிவு மட்டும் ஓரமாக ஒரு கோடு போல ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன்டா மாட்டேன்னு சொன்ன?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. ரத்தத்தச் சோதிச்சுப் பாத்தவ நான்தான். ஏன்டா?"

"பயமா இருக்குதுக்கா."

"லில்லிக்குப் பயம் இருக்காதா?"

அவன் வெகுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு, "நான் ஒத்துக்கினு இருந்தேன்க்கா. அம்மாதான் வேணாம்னாங்க" என்றான்.

நான் வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கையை நிறுத்தவில்லை.

"ஆமா, நான்தான் அவன மாட்டேன்னு சொல்லச் சொன்னேன். இன்னா இப்போ?"

"அவனுக்குத்தாம்மா முழுசாப் பொருந்துது. லில்லிது பாதிதான். உடம்பு ஏத்துக்குமோ ஏத்துக்காதோ."

"பெரியவன் பொழைப்பான்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரா? இல்லியே. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கத்திக்குக் கீழ படுக்க வைக்கச் சொல்றியா? ஆம்பள இல்லாத வூடாப் போச்சுன்னா நாளைக்கு யாருடி பாக்கிறது? ஒருத்தனாவது முழுசா இருக்க வேணாமா?"

"அப்போ லில்லி?"

"அவ பொண்ணு. வூட்ல இருக்கிறவ. மூட்ட தூக்கப்போறாளா?"

"அவளக் கேட்டீங்களா?"

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதிலுக்குக் கத்தத் தெரிந்திருக்கும். "அவள இன்னாத்துக்குக் கேக்கணும்? அவ இன்னா வேத்தாளா?" என்றார்.

நான் கத்தினேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி கத்தினேன். அண்ணன் கட்டிலிலிருந்து, "இன்னாம்மா சத்தம்?" என்று மெல்லிய குரலில் கேட்டார். அம்மா என் வாயைப் பொத்தினார். ஈரக் கை, சாம்பல் வாசனை. "செத்துக்கினு இருக்கிறான். அவன் காதுல இது வுழணுமா?" என்றார். நான் அடங்கிப்போனேன். வேறு என்ன செய்ய? லில்லியிடம், வேண்டாமென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல், அவர் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் சொன்னேன். "பரவால்லக்கா" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிப் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் காலத்தில் பக்கவாட்டில் நீளமாக வெட்டுவார்கள். வழி கிடைக்க விலா எலும்பில் ஒரு துண்டையும் எடுப்பார்கள். கொடுக்கிறவருக்குத்தான் வாங்குகிறவரைவிட வலி அதிகம். அண்ணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த நாளில் லில்லியால் இரும முடியவில்லை, தலையணையை இடுப்பில் அழுத்திக்கொண்டு இருமப் பயந்து கிடந்தாள். வந்தவர்கள் எல்லாம் அண்ணன் அறைக்குப் பழங்களோடு போனார்கள். போகிற வழியில் இவளையும் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். நடுவில் ஓரிரு தடவை உடம்பு எதிர்த்தது, மருந்தைக் கூட்டி அடக்கினார்கள். பாதிப் பொருத்தம் தாங்கிவிட்டது. டேனரிக்குத் திரும்பிப் போனார். கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள். அவர் இறந்திருந்தால் என் கோபத்தை எல்லோரும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அவர் பிழைத்ததால், "பாத்தியா, கர்த்தர் நல்லதுதான் செஞ்சார்" என்று அம்மா சொல்ல, நான் பேசாமல் இருக்க வேண்டியதாயிற்று. இதற்கு நடுவில் லில்லியின் பயிற்சிப் படிப்பு நின்றுபோனது. பெண் பார்க்க வந்த இரண்டு இடத்தார், யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, திரும்ப வரவில்லை. ஒத்தக் கிட்னி பொண்ணு என்று சபையிலேயே பேசிக்கொண்டார்கள். அதன்பின் அம்மா யாரையும் தேடவில்லை. எட்வின் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன் கிறிஸ்துமஸுக்குக்கூட வருவதை நிறுத்திக்கொண்டான். எனக்கு ஹாலந்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது மேற்படிப்பு என்று எல்லோரிடமும் சொன்னேன். நான் ஓடிப்போனேன் என்பதே சரி.

ஹாலந்துக்காரர்களுக்கு முதலில் என் பெயரில் ஒரு குழப்பம். "எஸ்தர் எங்கள் பெயராயிற்றே, உன் உண்மையான பெயர் என்ன?" என்று கேட்பார்கள். இதுதான் உண்மையான பெயர், என் ஆத்தாளுக்கு ஆத்தாளும் கிறிஸ்தவள்தான் என்றால் ஏமாற்றத்தோடு சிரிப்பார்கள். பிள்ளைப்பேறும் ரத்தம் ஏற்றுவதும் ஒருவர் உடம்பை எப்படி முன்கூட்டியே எதிர்ப்புக்குத் தயார் பண்ணிவிடுகின்றன என்பதில் ஆராய்ச்சி செய்தேன். பட்டம் வந்தது, வேலையும் நிலைத்தது. இங்கே சாலை விபத்தில் மூளை செத்துப்போனவரின் சிறுநீரகத்தை, பக்கத்து நாட்டில் பொருந்துகிறவர் இருந்தால் அங்கே காரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இறந்தவரின் மனைவியிடம் தனியாக ஒரு நர்ஸ் உட்கார்ந்து கேட்கிறாள். அவள் இல்லை என்றால் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். செத்தவனுக்காகக்கூட அனுமதி கேட்கிறார்கள் என்று நான் ஊருக்கு ஒரு முறை எழுதினேன். அம்மா பதிலில் மழை பெய்ததைப் பற்றி எழுதியிருந்தார்.

போன வருஷம் எங்கள் பேராசிரியர் மாணவர்களுக்கு ஒரு பெரிய உரை நிகழ்த்தினார். ஆறடிக்கு மேல் உயரம், தன் காப்பிக் கோப்பையைத் தானே கழுவுகிறவர், எனக்கு எந்தத் தீங்கும் நினைக்காதவர். ஐரோப்பாவில் உறுப்புகளுக்காக நோயாளிகள் காத்துக் கிடக்கிறார்கள், உயிரோடு இருக்கும் உறவினர் யாரும் கொடுக்க முன்வருவதில்லை, நம் குடும்பங்கள் குளிர்ந்துபோய்விட்டன என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இந்தியாவைப் பாருங்கள். நம் எஸ்தரின் தங்கை, இளம் பெண், தன் அண்ணனுக்குக் கொடுத்தார். அங்கே இதை யாரும் பெரிதாகப் பேசுவதுகூட இல்லை. வாட் மோய்" என்றார். எவ்வளவு அழகு என்று அர்த்தம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நிற்பேன் என்று எனக்கே தெரியாது. "பேசுவதில்லை என்பது உண்மைதான். அவளிடமும் யாரும் பேசவில்லை. அண்ணனுக்கு முழுப் பொருத்தமாக ஒரு தம்பி இருந்தான். அவன் ஆண். அதனால் அவனை வைத்துக்கொண்டு அவளைக் கொடுத்தார்கள். இதில் அழகு எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டுங்கள்" என்றேன். டச்சு மொழியில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடித்தேன். கடைசியில் ஒரு வார்த்தை தமிழிலும் வந்துவிட்டது. அதை இங்கே எழுத முடியாது. பேராசிரியர் மிகவும் மரியாதையாகத் தலையைக் குனிந்து, "மன்னிக்க வேண்டும், இது உனக்கு உணர்ச்சிகரமான விஷயம்" என்று சொல்லிவிட்டு திரையில் அடுத்த படத்துக்குப் போனார்.

வெளியே மரைக்கே என் தோளைத் தொட்டாள். "நீ சொன்னது கஷ்டமாக இருந்தது. ஆனால் உங்கள் கலாசாரத்தில் குடும்பம்தானே முக்கியம்? எங்கள் அளவுகோலை வைத்து நாங்கள் அதைத் தீர்ப்புச் சொல்லக் கூடாது இல்லையா?" என்றாள்.

"லில்லிக்கு வலித்தது மரைக்கே. கலாசாரத்துக்கு வலிக்கவில்லை" என்றேன். அவள் நிஜமாகவே வருந்தினாள். நான் ஓய்வெடுக்க வேண்டும் என்றாள், எலுமிச்சை டீ போட்டுத் தந்தாள். புலம்பெயர்ந்து வந்து இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இந்த டீயின் ருசி தெரியும். ஊரில் நாம் கத்தினால் வாயைப் பொத்துகிறார்கள். இங்கே கத்தினால் மதிப்போடு கேட்டுக்கொள்கிறார்கள், கேட்ட எதையும் நம்புவதில்லை. அவர்களுக்கு நம் குடும்பம் இதமாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தங்கள் குளிரைப் பற்றி அவர்கள் எதை வைத்துப் பேசுவார்கள்?

அந்த ஆத்திரம் ஆறாமலே இந்த ஜனவரியில் ஊருக்குப் போனேன். நான் வந்ததை ஒட்டி அண்ணன் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தார். முடி நரைத்து, மருந்தினால் முகம் உப்பி, வெள்ளைச் சட்டையில் முன்னால் போய் நின்று சாட்சி சொன்னார். "என்ன மரணத்திலேர்ந்து தூக்கி எடுத்தார். அம்மா கண்ணீரக் கேட்டார். டாக்டர் கைய ஆசீர்வதிச்சார். என் தங்கச்சி லில்லியையும் கர்த்தர் ஒரு கருவியா உபயோகிச்சார்." எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். கருவி! கத்தி, கத்தரிக்கோல், லில்லி. நான் பெண்கள் பக்கத்தில் லில்லியின் அருகே உட்கார்ந்திருந்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு, அடுத்த பாட்டின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் இப்போது ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். ஆம்பூரில் தோலைப் பதனிட்டு மட்டும் அனுப்பிய காலம் போய், ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனிகள் வந்துவிட்டன. அதில் ஒரு தையல் வரிசைக்கு அவள்தான் சூப்பர்வைசர். அம்மா இருப்பது அவளோடுதான், அண்ணனோடு இல்லை. மறுநாள் மதியம் சாப்பாட்டு வேளையில் அவளைக் கம்பெனி கேட்டில் பார்க்கப் போனேன். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை மூடியில் வைத்து என்னிடம் தள்ளினாள்.

என்னால் அடக்க முடியவில்லை. "எட்வினுக்குத்தான் முழுசாப் பொருந்திச்சு லில்லி. உன்கிட்ட மறைச்சிட்டாங்க" என்றேன்.

"தெரியும்க்கா."

"எப்போத்துலேர்ந்து?"

"ஆபரேசனுக்கு மொத நாளே. அவனே வந்து சொன்னான். காலப் புடிச்சிக்கினு அழுதான், நான் குடுக்குறேன், அம்மாகிட்ட சொல்லிடலாம்னு. நான்தான், போடா, யாருகிட்டயும் சொல்லாதன்னு அனுப்பிட்டேன்."

"ஏன்டி?"

அவள் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். "அதுக்குள்ள எல்லாம் முடிவாயிடுச்சி இல்ல. நீ இன்னா நெனச்சிக்கினு இருக்கிற, நான் குடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? கேட்டிருந்தா குடுத்திருப்பேன்க்கா. சந்தோசமாக் குடுத்திருப்பேன். அண்ணன் என்னத் தோள்ல தூக்கி வளத்தவரு. அம்மா ஒரு வார்த்த, லில்லி, குடுக்குறியாம்மான்னு கேட்டிருந்தா அது நான் குடுத்ததா ஆயிருக்கும். இப்போ எடுத்துக்கினதா இல்ல இருக்குது?" குரல் உயரவில்லை. ஆனால் சோற்றில் இருந்த விரல்கள் இறுகிப்போயிருந்தன. "பன்னண்டு வருசமா அதத்தான் நெனைக்கிறேன். சாட்சி சொல்றாரே, அப்போ எழுந்து அந்தப் பாட்டுப் புஸ்தகத்தத் தூக்கி அடிக்கலாமான்னு இருக்கும். அப்புறம் பாட்டு ஆரம்பிச்சிடும்."

கோபம் எனக்கு மட்டும்தான் என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவளுக்காக நான் சுமக்கிறேன் என்றுகூட ஒரு பெருமை இருந்தது. அந்த வேகத்தில், வந்த நாளிலிருந்து மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "நீ என்னோட கிளம்பு. எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். அங்க தையல் பள்ளிக்கூடத்துல பேசிட்டேன். என் வூட்ல உனக்கு ஒரு ரூம் காலி பண்ணி வச்சிருக்கேன். அம்மாவ அண்ணன் பாத்துக்கட்டும்."

லில்லி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டியா?"

"ஆமாம்டி."

"என்னக் கேட்டியா?"

எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். பிறகு, என் வயதுக்கும் படிப்புக்கும் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில், "வர்றியா லில்லி?" என்று கேட்டேன்.

"வரலக்கா" என்றாள் உடனே. சொல்லிவிட்டு ஒரு தடவை சிரித்தாள். "இந்த வேல நானாத் தேடிக்கினது. யாரும் என்னக் கொண்டாந்து வுடல. அம்மாவ நான்தான் வச்சிக்கினு இருக்கேன், அவங்க என்ன வச்சிக்கினு இல்ல. அங்க வந்து நான் இன்னா பண்ணப்போறேன், உன் ரூம்ல குந்திக்கினு பனிய வேடிக்க பாக்கவா?" என் முகம் எப்படி இருந்ததோ, மூடியில் இருந்த முட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "சாப்புடு. கோச்சிக்காத."

கோபித்துக்கொண்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவள் மாட்டேன் என்றது எனக்கு நெஞ்சு குளிர்ந்த செய்தி. அதே நேரம் அடிபட்ட மாதிரியும் இருந்தது. என் கூட வந்து குளிரில் என்னோடு உட்கார ஓர் ஆள் வேண்டியிருந்தது எனக்கு என்பது அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

சங்கு ஊதியது. பெண்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். லில்லி கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சாயங்காலம் வூட்ல பாக்கலாம்" என்று அவர்களோடு கலந்துவிட்டாள். சற்று நேரத்தில் அவள் முதுகு எது என்று எனக்குத் தெரியவில்லை. நான் மரத்தடியிலேயே நின்றேன். வாட்ச்மேன் வந்தார்.

"வேல நேரம் ஆயிடுச்சும்மா. வெளி ஆளுங்க உள்ள நிக்கக் கூடாது."

"நான் லில்லியோட அக்கா."

"தெரியும்மா, அந்தம்மா சொன்னாங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கீங்களாமே. எந்த நாட்டுக்காரங்க நீங்க?"

"ஆம்பூர்தான்" என்றேன், கொஞ்சம் சூடாகவே. அவர் ஏதோ வேடிக்கையைக் கேட்டதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, நான் வெளியே வந்ததும் கேட்டை இழுத்துச் சாத்தினார். பெரிய ரோட்டில் வந்து நின்றேன். விமானம் ஏற வேண்டிய மெட்ராஸ் ஒரு பக்கம், அம்மா காத்திருக்கும் வீடு எதிர்ப் பக்கம். ஈரத் தோல் ஏற்றிய லாரி ஒன்று நெடியைப் பரப்பிக்கொண்டு நடுவில் போனது. என்னை அறியாமல் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன். அதை அந்த வாட்ச்மேன் கேட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.